ஸ்டேட்டின் ஒத்துக்கொள்ளாதபோது

பெங்களூருவில் அல்சூரை அடுத்துள்ள மர்பி டவுன், கன்டோன்மென்ட் காலத்தில் உழைக்கும் மக்கள் குடியிருப்பதற்காக அமைக்கப்பட்ட பகுதி. அக்காலப் பொறியாளர் ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்பது. தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் அவ்விடத்தில் ஓய்வூதியர் ஒருவர் இருப்பதாக எண்ணிக்கொள்வோம். வயது 62. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நெஞ்சுவலி வந்து, இதய இரத்தக் குழாயில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபோது கையில் கொடுத்த மாத்திரைகளுள் ஒன்று அட்டோர்வாஸ்டேட்டின் 40 மில்லிகிராம். மூன்று மாதங்களில் அவருடைய கெட்ட கொழுப்பு, அதாவது எல்.டி.எல்., 160-லிருந்து 80-க்கு இறங்கிவிட்டது. மருத்துவர் மகிழ்ந்தார். ஆனால் அவருக்குத் தொடையிலும் கெண்டைக்காலிலும் வலி தொடங்கியது. மாடிப்படி ஏறுவது சுமையாயிற்று. பக்கத்து வீட்டார், "அந்தக் கொழுப்பு மாத்திரைதான் காரணம்" என்றனர். ஒருநாள் மாத்திரையை நிறுத்தினார். மருத்துவரிடம் சொல்லவில்லை. வலி குறைந்தது போலிருந்தது. எல்.டி.எல். மீண்டும் 160-க்குப் போயிற்று. அதை அவர் அறியார், ஏனெனில் அது வலிப்பதில்லை.

இவர் நாம் கற்பனையாக நிறுத்திய மனிதர். எனினும் இவரைப் போன்றோர் ஒவ்வொரு ஊரிலும், அநேகமாக ஒவ்வொரு தெருவிலும் இருக்கின்றனர். நவம்பர் மாதத்தில் வாழ்நாள் சான்றிதழ் அளிக்க வங்கிக் கிளைக்கு வரும் மூத்த குடிமக்களின் பேச்சில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் அடுத்தபடியாக அடிபடுவது இந்தக் "கொழுப்பு மாத்திரை"தான். ஆகவே இவ்விதழில் அதனையே எடுத்துக்கொள்கிறோம். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் என்ன செய்வது? அதை விழுங்கிக்கொண்டே வலியைப் பொறுப்பதா, அல்லது மாத்திரையை விட்டுவிட்டு விதியை நம்புவதா? இவ்விரண்டுக்கும் நடுவே இன்று பல வழிகள் உள்ளன. அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் தாமாக நிறுத்துவதே பேராபத்து.

மாத்திரை செய்யும் வேலை

கொலஸ்ட்ரால் நஞ்சன்று. உயிரணுவின் சுவரும், பல ஹார்மோன்களும், செரிமானத்துக்கான பித்த நீரும் அதனைக் கொண்டே உருவாகின்றன. நமக்குத் தேவையானதில் பெரும்பகுதியை உடலே உற்பத்தி செய்துகொள்கிறது. அதில் கல்லீரலின் பங்கு பெரிது. அதனை இரத்தத்தின் வழியே சுமந்து செல்லும் துகள்களுள் ஒன்றே எல்.டி.எல். இத்துகள்கள் அளவுக்கு மிஞ்சினால் இரத்தக் குழாயின் உட்சுவரில் நுழைந்து தங்கி, ஆண்டுக்கணக்கில் படிந்து, ஒருநாள் அப்படிவு வெடித்து இரத்தம் உறைந்து குழாய் அடைபடுகிறது. அதுவே மாரடைப்பு, மூளையில் நேர்ந்தால் பக்கவாதம்.

ஜப்பானிய ஆய்வாளர் அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, 1973-இல் கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுக்கும் பொருளொன்றைக் கண்டறிந்தார். ஸ்டேட்டின் குடும்பத்தின் முதல் மருந்து அதுவே. மருத்துவப் பயன்பாட்டுக்கு முதலாவதாக 1987-இல் லோவாஸ்டேட்டின் வந்தது. இம்மருந்து கல்லீரலின் உற்பத்தியைக் குறைக்கிறது. குறைவை உணர்ந்த கல்லீரல், இரத்தத்திலுள்ள எல்.டி.எல்.-ஐப் பிடித்திழுக்கும் ஏற்பிகளைத் தன் மேற்பரப்பில் கூட்டிக்கொள்கிறது. இரத்தம் தெளிகிறது. எல்.டி.எல். ஒரு டெசிலிட்டருக்கு 39 மில்லிகிராம் குறையும்போது மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்பது ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் கிடைத்த முடிவு. மலிவான, நெடுநாள் பழகிய, இவ்வளவு சான்றுள்ள மருந்து வேறெதுவும் இத்துறையில் இல்லை. அதனாலேயே மருத்துவர்கள் அதனை எளிதில் கைவிட மனமில்லாதிருக்கின்றனர்.

நிறுத்துவதால் விளைவதையும் அளந்திருக்கின்றனர். டென்மார்க்கில் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்டேட்டின் பயனாளர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டனர். தொடங்கிய சில மாதங்களிலேயே விட்டவர்களுக்கு, தொடர்ந்தவர்களைக் காட்டிலும் மாரடைப்பு 26 சதவீதமும் இதய நோயால் இறப்பு 18 சதவீதமும் கூடுதலாகக் காணப்பட்டன. ஸ்டேட்டின் பற்றிய எதிர்மறைச் செய்திகள் வெளியான காலங்களில் விடுவோர் தொகை கூடியதையும் அவ்வாய்வு சுட்டிக்காட்டியது.

வலி மாத்திரையாலா?

இக்கேள்வியே இக்கட்டுரையின் நடுநாயகம். ஆதலால் சற்று நின்று பார்ப்போம்.

இலண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் ஓர் அழகிய சோதனையைச் செய்து 2020-இல் அறிவித்தனர். பக்கவிளைவு காரணமாக, தொடங்கிய இரண்டு வாரங்களுக்குள் ஸ்டேட்டினை விட்டவர்கள் 60 பேரைத் தேர்ந்தெடுத்தனர். ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு குப்பிகள், மாதம் ஒன்று. நான்கு குப்பிகளில் அட்டோர்வாஸ்டேட்டின். நான்கில் அதே தோற்றமுடைய, மருந்தில்லாத வெறும் மாத்திரை. நான்கு குப்பிகள் காலி. எந்த மாத்திரை எதுவென்பதை நோயாளி அறியார். ஒவ்வொரு நாளும் தம் உடல் நிலையை 0 முதல் 100 வரை மதிப்பிட்டுப் பதிவு செய்தனர். காலிக் குப்பி மாதங்களில் சராசரித் தொல்லை 8. ஸ்டேட்டின் மாதங்களில் 16.3. வெறும் மாத்திரை மாதங்களில் 15.4! ஸ்டேட்டின் தந்த தொல்லையில் பத்தில் ஒன்பது பங்கை, மருந்தே இல்லாத மாத்திரையும் தந்துவிட்டது. தம் பதிவைத் தாமே பார்த்த பிறகு, அவர்களுள் பாதிப் பேர் மீண்டும் ஸ்டேட்டினைத் தொடங்கினர்.

இதைப் படித்துவிட்டு, "எல்லாம் மனப்பிரமை" என்று யாரும் முடிவு கட்டிவிடலாகாது. வலி மெய்யானது, அதன் காரணம்தான் வேறு. தீங்கு நேரும் என்ற எதிர்பார்ப்பே உடலில் தீங்கை உணரச் செய்யும். மருந்தில்லா மாத்திரையால் நோய் தணிவதற்கு எதிர்த்திசையில் நிகழும் விளைவு இது. மேலும், 60 வயதில் கால்வலி வருவதற்கு ஆயிரம் காரணங்கள் உண்டு. 1,23,940 பேரை உள்ளடக்கிய 19 ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் வெளியான கணக்கில், ஸ்டேட்டின் எடுத்தவர்களுள் 27.1 சதவீதத்தினர் தசைத் தொல்லை என்றனர்; வெறும் மாத்திரை எடுத்தவர்களுள் 26.6 சதவீதத்தினரும் அவ்வாறே கூறினர். கூடுதல் தொல்லை பெரிதும் முதலாண்டிலேயே காணப்பட்டது. அதற்குப் பின் வேறுபாடு மறைந்துபோயிற்று.

ஆனால் மறுபக்கமும் உண்டு. இரண்டு மூன்று ஸ்டேட்டின்களை முயன்றும் தாங்க முடியாதவர்களை மட்டும் சேர்த்து, 2016-இல் வெளியான மற்றோர் ஆய்வில் 491 பேருக்கு மருந்தையும் வெறும் மாத்திரையையும் மாற்றி மாற்றித் தந்தனர். 42.6 சதவீதத்தினருக்கு உண்மை மருந்தில் மட்டுமே வலி வந்தது. வெறும் மாத்திரையில் மட்டுமே வலி வந்தவர்கள் 26.5 சதவீதம். ஆக, மெய்யாகவே ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கின்றனர்; நம்பப்படுவதைவிடக் குறைவாக இருக்கின்றனர். யார் எந்தப் பக்கம் என்பதை ஊகத்தால் அல்லாமல் சோதித்தே அறிய வேண்டும். "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று கையசைத்து அனுப்பும் மருத்துவரும், "இனி அந்தப் பக்கமே போக மாட்டேன்" என்று அடம்பிடிக்கும் நோயாளியும் இதில் ஒரே பிழையைச் செய்பவர்கள் என்பது நம் எண்ணம்.

முதலில் தேட வேண்டியவை

ஸ்டேட்டினால் வரும் வலிக்குச் சில அடையாளங்கள் உண்டு. இரு பக்கமும் ஒத்து வரும். தொடை, இடுப்பு, தோள் போன்ற பெரிய தசைகளில் வரும். பெரும்பாலும் தொடங்கிய அல்லது அளவு கூட்டிய சில வாரங்களில் வரும். நிறுத்தினால் சில வாரங்களில் தணியும். ஒரு முழங்காலில் மட்டும் வலி, காலையில் விரல் மூட்டு இறுக்கம், முதுகிலிருந்து ஒரு காலுக்கு இறங்கும் வலி ஆகியவற்றுக்கு வேறு காரணமே இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து, தைராய்டு. தைராய்டு சுரப்புக் குறைந்தால் கொலஸ்ட்ராலும் கூடும், தசையும் வலிக்கும், ஸ்டேட்டினைத் தாங்கும் திறனும் குறையும். ஒரே நோய் இம்மூன்றையும் செய்துவிட்டு, பழியை மாத்திரையின் மேல் போட்டுவிடும். எளிய இரத்தப் பரிசோதனையில் அது வெளிப்படும். தைராய்டு மாத்திரை தொடங்கியதும் கொலஸ்ட்ராலே இறங்கிவிடுவதும் உண்டு. வைட்டமின் டி குறைவும் தசைவலி தரும்; குறைவிருந்தால் ஈடுசெய்யலாம். எனினும் வைட்டமின் டி எடுத்துக்கொள்வது ஸ்டேட்டின் தசைவலியைத் தடுக்கவில்லை என்றே அதற்கென நடந்த பெரிய ஆய்வு காட்டியது. கோஎன்சைம் க்யூ10 என்று விலையுயர்ந்த குப்பிகள் விற்கப்படுகின்றன. அவற்றின் பயனை ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை.

மூன்றாவதாக, உடன் உட்கொள்ளும் மருந்துகள். கிளாரித்ரோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி, இட்ராகோனசோல் என்னும் பூஞ்சை மருந்து, ஜெம்ஃபைப்ரோசில் போன்றவை சில ஸ்டேட்டின்களின் அளவை இரத்தத்தில் பன்மடங்கு கூட்டிவிடும். படர்தாமரைக்கு ஓரிடத்திலும் இதயத்துக்கு வேறோரிடத்திலும் மருத்துவம் பார்ப்பவர்கள் நம்மிடையே மிகுதி. ஒருவர் எழுதியதை மற்றவர் அறியார். உட்கொள்ளும் அனைத்தையும், நாட்டு மருந்தும் சத்துப் பொடியும் உட்பட, ஒரே தாளில் எழுதிக் கொண்டுசெல்வது செலவில்லாத பாதுகாப்பு.

கிரியேட்டின் கைனேஸ் என்னும் இரத்தப் பரிசோதனை தசைச் சிதைவைக் காட்டும். பெரும்பாலோர்க்கு வலியிருந்தும் இது இயல்பாகவே இருக்கும். இயல்பின் மேல் எல்லையைப் போல் பத்து மடங்கைத் தாண்டினால் மருந்தை நிறுத்தியே ஆக வேண்டும். இங்கு ஓர் எச்சரிக்கை: கடும் தசைவலியோடு கை கால் ஓய்ந்துபோதல், சிறுநீர் தேயிலைத் தண்ணீர் நிறத்தில் கறுத்துப் போதல் என்பவை நேர்ந்தால் மருந்தை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இது மிக அரிது; ஆனால் சிறுநீரகத்தைக் கெடுக்க வல்லது. செரிவாஸ்டேட்டின் என்னும் ஒரு மருந்து இத்தகைய தீங்கு காரணமாகவே 2001-இல் உலகெங்கும் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

மீண்டும் ஒரு முயற்சி

மேற்கண்டவை சரிபார்க்கப்பட்டபின், மருத்துவர்கள் வழக்கமாகச் செய்வது இது: இரண்டு முதல் நான்கு வாரங்கள் மருந்தை நிறுத்திப் பார்ப்பார்கள். வலி போகவில்லையெனில் மருந்து குற்றவாளியன்று. போனால், வேறொரு ஸ்டேட்டினைக் குறைந்த அளவில் தொடங்குவார்கள். ஒன்று ஒத்துக்கொள்ளாதவர்க்கு மற்றொன்று ஒத்துக்கொள்வது மிகச் சாதாரணம். குறைந்தது இரண்டு ஸ்டேட்டின்களையாவது, அவற்றுள் ஒன்றை மிகக் குறைந்த அளவிலாவது, முயலாமல் "ஒத்துக்கொள்ளாதவர்" என்ற முத்திரையைக் குத்துவதில்லை.

நம்மவர்க்கு இதில் தனிக் கவனம் தேவை. ரோசுவாஸ்டேட்டினை ஒரே அளவில் கொடுத்தாலும், ஆசியரின் இரத்தத்தில் அதன் அளவு ஐரோப்பியருடையதைப் போல் ஏறத்தாழ இருமடங்காகக் காணப்படுகிறது. அதனால் ஆசியர்க்கு 5 மில்லிகிராமில் தொடங்குமாறு அம்மருந்தின் அமெரிக்கக் குறிப்பேடே கூறுகிறது. ரோசுவாஸ்டேட்டினும் அட்டோர்வாஸ்டேட்டினும் உடலில் நெடுநேரம் தங்குபவை. ஆதலால் ஒருநாள் விட்டு ஒருநாளோ, வாரத்தில் இரண்டு நாட்களோ எடுத்தாலும் ஓரளவு பலன் தருகின்றன. வாரம் இருமுறை ஒரு சிறு மாத்திரை என்பது கேலியாகத் தோன்றலாம்; ஒன்றுமே இல்லாததைவிட அது எவ்வளவோ மேல்.

ஸ்டேட்டினுக்கு அப்பால்

எசெட்டிமைப் என்னும் மாத்திரை குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. நாளொன்றுக்கு 10 மில்லிகிராம், எல்.டி.எல். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். தசைத் தொல்லை மிகக் குறைவு, விலையும் எட்டக்கூடியது. 18,144 பேரைக் கொண்டு நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வு, ஸ்டேட்டினோடு இதனைச் சேர்ப்பதால் இதய நிகழ்வுகள் மேலும் குறைவதை மெய்ப்பித்தது.

பெம்பெடோயிக் அமிலம் சற்றுப் புதியது. ஸ்டேட்டின் தடுக்கும் அதே உற்பத்திச் சங்கிலியை அதற்கு முன்னதாகவே ஓரிடத்தில் தடுக்கிறது. இதன் நுட்பம் வேறிடத்தில் உள்ளது: இம்மருந்து விழிப்படைவதற்குத் தேவையான நொதி கல்லீரலில் உண்டு, தசையில் இல்லை. ஆகவே தசைக்குள் போனாலும் அது உறங்கியே இருக்கும். ஸ்டேட்டினைத் தாங்க இயலாத 13,970 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. எல்.டி.எல். 21 சதவீதம் குறைந்தது. இதய நோய், பக்கவாதம் உள்ளிட்ட பெரு நிகழ்வுகள் 13 சதவீதம் குறைந்தன. குறைகளும் உண்டு. யூரிக் அமிலம் கூடும், கீல்வாதம் 2.1 சதவீதத்தினருக்கு வரும் இடத்தில் 3.1 சதவீதத்தினருக்கு வந்தது. பித்தப்பைக் கல்லும் சற்று மிகுந்தது. கீல்வாதம் உடையவர்கள் முன்னதாகவே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கருவுற்ற பெண்களும் கருத்தரிக்கத் திட்டமிடுவோரும் இம்மருந்தையும் ஸ்டேட்டினையும் பற்றி மருத்துவரிடம் உடனே பேச வேண்டும்.

ஊசிகள் மூன்றாம் வரிசை. கல்லீரலின் எல்.டி.எல். ஏற்பிகளை அழிக்கும் பி.சி.எஸ்.கே.9 என்னும் புரதம் நம் உடலில் உள்ளது. பிறவியிலேயே இப்புரதம் பாதி செயலிழந்த சிலரை அமெரிக்காவில் ஆராய்ந்தபோது, அவர்களது எல்.டி.எல். 28 சதவீதமே குறைவு; ஆனால் இதய நோய் 88 சதவீதம் குறைவு. சிறு வேறுபாடும் வாழ்நாள் முழுதும் நீடித்தால் எத்தகைய பலன் தரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றில்லை. வைப்பு நிதிக்காரர்களுக்கு இது புதிய செய்தியுமன்று. அப்புரதத்தைப் பிணித்து வைக்கும் எவோலோகுமாப், அலிரோகுமாப் ஆகிய ஊசிகளை இரு வாரங்களுக்கு ஒருமுறை போட்டுக்கொள்ளலாம், எல்.டி.எல். பாதிக்கும் மேல் குறையும். இன்க்ளிசிரான் என்பது அப்புரதம் உருவாவதையே தடுப்பது. தொடக்கத்தில் ஒன்று, மூன்றாம் மாதம் ஒன்று, பின்னர் ஆறு மாதத்துக்கு ஒன்று. இவற்றின் தடை விலைதான். அதனைப் பின்னர்ப் பார்ப்போம்.

இவற்றைக் கூட்டிச் சேர்க்கும்போது ஒரு கணக்கு நினைவிருக்கட்டும். வீட்டுக் கடனில் குறையும் நிலுவையின் மீது வட்டி கணக்கிடப்படுவது போல, ஒவ்வொரு மருந்தும் எஞ்சியதன் மீதே சதவீதம் குறைக்கிறது. நம் மர்பி டவுன் ஓய்வூதியரையே எடுத்துக்கொள்வோம். எல்.டி.எல். 160. ஒருநாள் விட்டு ஒருநாள் ரோசுவாஸ்டேட்டின் 5 மில்லிகிராம், சுமார் கால் பங்கு குறைத்தால் 120. எசெட்டிமைப் அதில் ஐந்தில் ஒன்றைக் குறைத்தால் 96. பெம்பெடோயிக் அமிலம் மேலும் 18 சதவீதம் குறைத்தால் 79. தாங்க முடியாத அட்டோர்வாஸ்டேட்டின் 40 மில்லிகிராம் தந்த அதே இடத்துக்கு, கால்வலியின்றி, மூன்று சிறு படிகளில் வந்துவிடுகிறார். ஒவ்வொருவர் உடலும் இக்கணக்குக்கு அப்படியே கட்டுப்படாது. நான்கு முதல் பன்னிரண்டு வாரங்களில் மறுபரிசோதனை செய்தே அடுத்த படி.

எவ்வளவு குறைய வேண்டும்?

எல்லோர்க்கும் ஒரே இலக்கு இல்லை. இந்திய இதயவியல் சங்கம் 2024 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஆபத்துக் குறைந்த பொதுமக்களுக்கு எல்.டி.எல். 100-க்குக் கீழ், சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம் போன்றவற்றால் ஆபத்து மிகுந்தவர்களுக்கு 70-க்குக் கீழ், மாரடைப்போ பக்கவாதமோ ஏற்கெனவே கண்டவர்கள் போன்றோருக்கு 55-க்குக் கீழ். பரிசோதனைக்கு வெறும் வயிறு கட்டாயமில்லை என்றும் அது கூறுகிறது. ஆகவே நம் ஓய்வூதியர் 79-ஓடு நின்றுவிட முடியாது. உணவும், தேவையெனில் ஊசியும் பேச்சுக்கு வரும். மாறாக, 45 வயதில் வேறெந்த நோயுமின்றி 120 உடையவர் ஸ்டேட்டின் ஒத்துக்கொள்ளவில்லையே என்று கலங்க வேண்டியதில்லை. அவர்க்கு வாழ்க்கை முறை மாற்றமே போதுமானதாக இருக்கக்கூடும்.

நம்மவர்க்கு இவ்வளவு கண்டிப்பு ஏன் என்று கேட்கலாம். 52 நாடுகளை உள்ளடக்கிய ஆய்வொன்றில், முதல் மாரடைப்பு தெற்காசியர்க்கு 53 வயதிலும் பிற நாட்டினர்க்கு 59 வயதிலும் வருவது தெரிந்தது. பெங்களூரு ஜெயதேவா இதய நோய் மருத்துவ நிறுவனம் 40 வயதுக்குட்பட்ட இதய நோயாளிகளுக்கென்றே ஒரு பதிவேட்டைத் தொடங்கி நடத்தி வருகிறது. அப்படியொரு பதிவேடு தேவைப்பட்டதே நிலைமையைச் சொல்லும். பரம்பரையாக வரும் லிப்போபுரோட்டீன்-ஏ என்னும் துகளும் இந்தியரிடையே நால்வரில் ஒருவர்க்கு மிகுதி. வாழ்நாளில் ஒருமுறையேனும் அதனைச் சோதிப்பது நன்று. தந்தைக்கோ உடன்பிறந்தார்க்கோ இளவயதில் மாரடைப்பு வந்திருந்து, உங்கள் எல்.டி.எல். 190-க்கு மேல் இருந்தால் அது குடும்ப வழி நோயாக இருக்கலாம். அங்கே உணவு மாற்றம் மட்டும் போதவே போதாது. பிள்ளைகளையும் சோதிக்க வேண்டும்.

அடுப்படியில் இயல்வதும் இயலாததும்

டொரோண்டோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜென்கின்ஸ் 2003-இல் வெளியிட்ட உணவுத் திட்டமொன்று, ஒரு மாதத்தில் எல்.டி.எல்.-ஐ ஏறத்தாழ 29 சதவீதம் குறைத்தது. அதே ஆய்வில் லோவாஸ்டேட்டின் குறைத்தது 31 சதவீதம். அதில் இருந்தவை சோயா, பாதாம், ஓட்ஸ், பார்லி, இசப்கோல், தாவர ஸ்டெரால், இவற்றோடு வெண்டைக்காயும் கத்தரிக்காயும்! நாம் குழம்பில் போடுவதைத்தான் கனடாவில் மருந்தாகக் கொடுத்திருக்கின்றனர். ஆனால் அங்கே உணவனைத்தும் அளந்து சமைத்துக் கையில் கொடுக்கப்பட்டது. ஆலோசனை மட்டும் சொல்லி வீட்டுக்கு அனுப்பிய பிந்தைய ஆய்வில் குறைவு 13 சதவீதம் அளவே. அதுவும் சிறிதன்று.

வழுவழுப்பான நார்ச்சத்தே இதன் உயிர்நாடி. நாள்தோறும் இரண்டு தேக்கரண்டி இசப்கோல் உமி நீரில் கலந்து, காலையில் ஓட்ஸ் அல்லது பார்லிக் கஞ்சி, ஒருவேளையேனும் பயறோ கொண்டைக்கடலையோ, கையளவு நிலக்கடலை. பெங்களூரு வாழ் தமிழர்க்குக் களி அயலான உணவன்று. பாலிஷ் அரிசியின் இடத்தில் கேழ்வரகு வந்தால் நன்மையே. ஆயினும் அதன்மேல் அளவற்ற பாரத்தை ஏற்ற வேண்டாம். களியோடு வரும் குழம்பில் எண்ணெய் மிதந்தால் கணக்குச் சரியாகிவிடும்.

எண்ணெயைப் பற்றிப் பேசினால் சிலர்க்கு வருத்தம் வரும். தேங்காய் எண்ணெய், பிற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட எல்.டி.எல்.-ஐச் சுமார் 10 மில்லிகிராம் கூட்டுகிறது என்பது ஆய்வுகளின் தொகுப்பு முடிவு. தேங்காய்ச் சட்னியை விலக்கச் சொல்லவில்லை. அன்றாடச் சமையல் எண்ணெயாக நல்லெண்ணெய், கடலெண்ணெய் போன்றவற்றை அளவோடு கொள்ளலாம் என்கிறோம். வனஸ்பதியிலும் பேக்கரிப் பண்டங்களிலும் இருந்த டிரான்ஸ் கொழுப்புக்கு 2022 ஜனவரி முதல் 2 சதவீத உச்சவரம்பு நடைமுறையில் உள்ளது. மாலையில் தெருவோர பஜ்ஜிக் கடையில் திரும்பத் திரும்பக் காயும் எண்ணெயை எந்தச் சட்டமும் எளிதில் எட்டாது.

பூண்டு, மஞ்சள், இலவங்கப்பட்டை ஆகியவற்றை மாத்திரைக்கு மாற்றாக நம்புவோர் பலர். அமெரிக்காவில் கிளீவ்லாந்து கிளினிக் 190 பேரிடம் ரோசுவாஸ்டேட்டின் 5 மில்லிகிராமை இம்மூன்றின் மாத்திரைகளோடும், மீன் எண்ணெய், தாவர ஸ்டெரால், செந்நொதி அரிசி ஆகியவற்றோடும் ஒப்பிட்டு 2022-இல் அறிவித்தது. 28 நாட்களில் ரோசுவாஸ்டேட்டின் எல்.டி.எல்.-ஐ 38 சதவீதம் குறைத்தது. மற்ற ஆறில் எதுவும் வெறும் மாத்திரையைவிடக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை; பூண்டு எடுத்தவர்களுக்குச் சற்றுக் கூடவே செய்தது. பூண்டு குழம்புக்கு உரியது. அங்கே அதற்கு இணையில்லை. செந்நொதி அரிசி பற்றித் தனியே ஒரு சொல்: அதிலுள்ள செயற்பொருள் வேதியியலில் லோவாஸ்டேட்டினேதான். ஸ்டேட்டினுக்கு அஞ்சி "இயற்கை" என்று அதை வாங்குபவர், அளவு தெரியாத ஸ்டேட்டினையே விழுங்குகிறார்.

செலவும் காப்பீடும்

ஸ்டேட்டின்கள் மக்கள் மருந்தகங்களில் மிகக் குறைந்த விலையில் கிடைக்கின்றன. எசெட்டிமைப் பொதுப்பெயரில் வாங்கினால் பளுவாகாது. பெம்பெடோயிக் அமிலத்தை இந்திய நிறுவனங்களே தயாரிப்பதால் விலை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டும் தொலைவில் உள்ளது. ஊசிகள் அப்படியல்ல. ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டியவை என்பதால், தொடங்குமுன் ஓராண்டுச் செலவை மருத்துவரிடமே கேட்டு எழுதிக்கொண்டு, மாத ஓய்வூதியத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே அறிவு. நான்கு மாதம் போட்டுவிட்டுப் பணமின்றி நிறுத்தும் ஊசியைவிட, இருபது ஆண்டு தொடரக்கூடிய மூன்று மலிவான மாத்திரைகள் பெரும்பாலோர்க்குப் பயன் மிக்கவை.

மருத்துவக் காப்பீட்டுப் பத்திரங்களில் பல, மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே பணம் தருகின்றன. மாதாந்திர மாத்திரைகளும் வீட்டில் போடும் ஊசியும் அவற்றில் அடங்குவதில்லை. புறநோயாளிச் செலவுக்கான கூடுதல் பிரிவு உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும். புதிதாகக் காப்பீடு எடுப்போர் கொலஸ்ட்ரால் மிகுதியையும், ஒத்துக்கொள்ளாமல் விட்ட மாத்திரையையும் விண்ணப்பத்தில் மறைக்கக் கூடாது. "இப்போது எந்த மருந்தும் எடுப்பதில்லை" என்று எழுதுவது சொல்லளவில் உண்மையாக இருக்கலாம். இழப்பீடு கோரும் நாளில் அது மறைப்பாகவே கருதப்படும். முன்னரே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தின் உச்ச அளவு 2024 ஏப்ரல் முதல் நான்கிலிருந்து மூன்று ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டுள்ளதால், உண்மையைச் சொல்வதற்கான விலையும் குறைந்துள்ளது.

மருத்துவக் காப்பீடு இல்லாத மூத்த குடிமக்கள், பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தால், மருத்துவச் செலவில் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். ரொக்கமாகச் செலுத்திய தொகை இதில் சேராது. ஆகவே மருந்துக் கடையில் அட்டை வழியாகவோ யு.பி.ஐ. வழியாகவோ செலுத்தி, பெயர் எழுதிய இரசீதை வாங்கி வைக்க வேண்டும். அதே உறையில் ஒவ்வொரு பரிசோதனை அறிக்கையையும், எந்த மருந்தை எந்த அளவில் எந்த நாளில் தொடங்கி எப்போது வலி வந்தது என்ற குறிப்பையும் சேர்த்து வைத்தால், அடுத்த முறை மருத்துவர் கேட்கும் முதல் நான்கு கேள்விகளுக்கும் விடை அந்த உறையிலேயே இருக்கும்.